பாட்டு சொல்லித்தந்த முதலுதவி: கேள்வி பதில்

பக்கவாத வார்டில் பணிபுரியும் செவிலியர் நான். ராப் பாட்டு மூலம் பிள்ளைகளுக்குப் பக்கவாத முதலுதவி கற்றுத்தந்த முயற்சி பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கேள்வி: டக் இ. ஃபிரெஷ் யார்?

பதில்: நியூயார்க்கின் ஹார்லமில் வளர்ந்த ராப் கலைஞர், வாயாலேயே தாளம் எழுப்பும் பீட்பாக்ஸ் கலையின் முன்னோடி. 1985-இல் ஸ்லிக் ரிக்குடன் பாடிய 'தி ஷோ' பெரும் புகழ் பெற்றது.

கேள்வி: அவருக்கும் பக்கவாதத்துக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: ஹார்லமில் பணியாற்றிய நரம்பியல் மருத்துவர் ஒலஜிடே வில்லியம்ஸ், நோயாளிகள் காலம் கடந்து வருவதைக் கண்டு வேதனைப்பட்டார். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு, அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம்தான் கெடு. வீட்டுப் பெரியவர்களைப் பிள்ளைகள் மூலம் எட்டலாம் என்று டக் இ. ஃபிரெஷுடன் கைகோத்தார். முகம் கோணுகிறதா, கை தொய்கிறதா, பேச்சு குழறுகிறதா, உடனே 911-ஐ (அமெரிக்காவின் அவசர உதவி எண்) அழை. இந்தப் பாடம் பாட்டாகவும் கார்ட்டூனாகவும் வகுப்பறைக்குப் போனது.

என் வார்டில் ஒரு மகள், "ஏழு மணிக்கு அப்பா கையிலிருந்து காபி டம்ளர் நழுவியது" என்றாள். அந்த ஒரு வரிதான் ஊசி போடலாமா என்று மருத்துவர் முடிவெடுக்க உதவியது. நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: விரல் நுனியில் ஊசியால் குத்தி ரத்தம் எடுத்தால் சரியாகுமாமே?

பதில்: ஆகாது. பொன்னான நேரம்தான் போகும்.

கேள்வி: பாட்டு கேட்டால் பிள்ளைகள் ஆடுவார்கள். மனதில் நிற்குமா?

பதில்: நியூயார்க்கில் 22 பள்ளிகளில் சோதித்து, 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். செய்ய வேண்டியதைச் சரியாக அறிந்திருந்த பிள்ளைகள் முதலில் 2 சதவீதம். பாடம் முடிந்ததும் 57. மூன்று மாதம் கழித்து 24.

கேள்வி: 57, 24 ஆனது தோல்விதானே?

பதில்: இதையே நான்கு பேர் கேட்டுவிட்டீர்கள். இரண்டிலிருந்து இருபத்துநான்கு என்பது பன்னிரண்டு மடங்கு. மறதிக்கு மருந்து, மீண்டும் பாடுவது. அந்தப் பிள்ளைகளில் நால்வர் உண்மையாகவே 911-ஐ அழைத்தார்கள். "பொறுத்துப் பார்க்கலாம்" என்ற பெற்றோரின் பேச்சை மீறி அழைத்த பிள்ளைக்கு வயது ஒன்பது. இதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

கேள்வி: காது மடலில் ஊசி குத்தினால்?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். எங்கும் குத்தாதீர்கள்.

கேள்வி: காலையிலிருந்து அம்மாவுக்கு வாய் ஒரு பக்கம் இழுக்கிறது. சூடாகப் பால் கொடுக்கவா?

பதில்: படிப்பதை நிறுத்திவிட்டு 108-ஐ அழையுங்கள். வாயில் எதுவும் கொடுக்காதீர்கள், புரையேறும். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று எழுதிக்கொள்ளுங்கள். இப்போதே.