சம்பளச் சீட்டில் எழுதப்படும் சொற்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: யாழ்ப்பாண நகரிலுள்ள புடவைக் கடையொன்றில் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்கிறேன். நேரம் முடிந்த பிறகும் நின்றால் “ஓ.ரீ. தருவோம்” என்கிறார்கள். நியமனக் கடிதத்தில் “மேலதிக நேரக் கொடுப்பனவு” என்றிருக்கிறது. மாத முடிவில் கிடைக்கும் சீட்டிலோ “ஏனைய கொடுப்பனவுகள் – 2,000” என்று மட்டுமே இருக்கிறது. தமிழ்நாட்டு இதழ்களில் “மிகைநேர ஊதியம்” என்றும் வாசித்திருக்கிறேன். இவையெல்லாம் ஒன்றுதானா?
– வாசகி, கொக்குவில்

பதில்: ஓ.ரீ., மேலதிக நேரக் கொடுப்பனவு, மிகைநேர ஊதியம் ஆகிய மூன்றும் ஒன்றையே குறிக்கின்றன. உங்கள் சீட்டிலுள்ள “ஏனைய கொடுப்பனவுகள்” என்பதை மட்டும் அந்த வரிசையில் சேர்க்க முடியாது.

“கொடுப்பனவு” நம் நாட்டு அலுவலகத் தமிழில் இரட்டை வேலை பார்க்கும் சொல். கொடுக்கப்படும் எந்தப் பணத்தையும் அது குறிக்கும். சம்பளத்துக்கு மேல் ஒரு காரணம் பற்றித் தரப்படும் தொகையையும் அதுவே குறிக்கும். இந்த இரண்டாவது பொருளுக்குத் தமிழ்நாட்டில் “படி” என்பார்கள்: பயணப்படி, அகவிலைப்படி. இங்கும் மூத்தவர்கள் “வாழ்க்கைச் செலவுப் படி” என்று சொல்வதுண்டு. அந்தச் சிறிய சொல்லை நாம் கைவிட்டதால் வந்த குழப்பம்தான் உங்கள் சீட்டில் தெரிகிறது என்பது என் எண்ணம்.

உங்கள் வேலைக்குப் பொருந்துவது 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க, கடை மற்றும் அலுவலக ஊழியர் சட்டம். சாப்பாட்டு இடைவேளை நீங்கலாக நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்பது வழமையான வேலை நேரம். அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். வாரத்தில் 12 மணித்தியாலத்துக்கு மேல் மேலதிக வேலை வாங்கவும் கூடாது. மாதச் சம்பளத்தை 240ஆல் வகுத்தால் ஒரு மணித்தியாலத்துக்கான தொகை வரும். உங்கள் சம்பளம் 48,000 ரூபா என்று வைத்துக்கொண்டால் அது 200 ரூபா. ஒன்றரை மடங்கு 300 ரூபா. மாதத்தில் 10 மணித்தியாலம் கூடுதலாக நின்றிருந்தால் 3,000 ரூபா சேர வேண்டும். “ஏனைய” என்ற சொல்லின் கீழ் 2,000 ரூபாவைப் போட்டுவிட்டால், நேரமும் வீதமும் இல்லாத அந்த வரியை வைத்துக்கொண்டு மீதி ஆயிரம் எங்கே என்று நீங்கள் எப்படிக் கேட்பது? ஆகவே “மேலதிக நேரம்: 10 மணித்தியாலம் × ரூபா 300” என்று தனி வரியாக எழுதித் தரும்படி கேளுங்கள். அதுவரை, கடை பூட்டி வெளிக்கிடும் நேரத்தை வீட்டுக் கலண்டரில் அன்றன்றே குறித்து வாருங்கள். பிற்பாடு ஞாபகத்திலிருந்து சொல்லும் கணக்கை எவரும் ஏற்கமாட்டார்கள்.

கேள்வி: நான் எட்டு மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்வதே இல்லை. இருந்தும் முதலாளி மாதந்தோறும் 10,000 ரூபாவை “ஓ.ரீ.” என்று போட்டுத் தருகிறார். இதில் எனக்கு ஏதும் நட்டம் உண்டா?
– வாசகர், சுன்னாகம்

பதில்: உண்டு. செய்யாத வேலைக்குக் காசு வருவது போலத் தோன்றினாலும், அது உங்கள் சம்பளத்தின் ஒரு பகுதிக்கு வேறு பெயர் வைத்த செயலாகவே இருக்க வேண்டும். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8 வீதமும் தொழில் வழங்குநர் 12 வீதமும் செலுத்த வேண்டும். வாழ்க்கைச் செலவுப் படியும் உணவுக்கான கொடுப்பனவும் அந்தக் கணக்கில் சேரும். மேலதிக நேரப் பணம் சேராது. ஆகவே அந்த 10,000 ரூபா மீது முதலாளி செலுத்த வேண்டிய 1,200 ரூபாவும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கான 3 வீதமாகிய 300 ரூபாவும் மாதாமாதம் உங்கள் பெயரில் வைப்பாகாமல் போகின்றன. உங்கள் பங்கான 800 ரூபா கழிபடாமல் கையில் கிடைப்பதால் இது கண்ணுக்குத் தெரிவதில்லை. ஐந்து ஆண்டுகள் வேலை செய்தவருக்குரிய பணிக்கொடையும் ஓ.ரீ.யைச் சேர்க்காத சம்பளத்தின் மீதே கணிக்கப்படும் என்பதால், விலகும் நாளிலும் தொகை குறையும். முதலாளியிடம் முதலில் பேசிப் பாருங்கள். சரிவராவிட்டால் சம்பளச் சீட்டுகளுடன் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.

கேள்வி: “கூலி” என்ற சொல் மனிதரைத் தாழ்த்துகிறது. எல்லா இடத்திலும் “வேதனம்” என்றே எழுதினால் என்ன?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், வேலணை

பதில்: ஐயா, சொல்லின் மேல் குற்றம் இல்லை. 619ஆம் குறள் முயற்சி தரும் பலனையே “மெய்வருத்தக் கூலி” என்கிறது. குறளில் “ஊதியம்” என்றால் இலாபம். சம்பளம் என்ற பொருள் அதற்குப் பின்னால் ஏறியது. வேதனம் வடமொழி வழி வந்து சட்டப் புத்தகத்தில் அமர்ந்துகொண்டது. (வேதனைக்கு அது மிகவும் கிட்டியிருக்கிறது என்பது என் சொந்தக் குறை.) சம்பா நெல்லும் அளத்து உப்பும் சேர்ந்து சம்பளம் ஆயிற்று என்ற கதை கேட்க இனிமையானது, ஆனால் வழியுணவைக் குறிக்கும் “சம்பல” என்ற வடசொல் இருக்கையில் அதை நம்பத் தயக்கமாக உள்ளது.

நம் ஊரில் வெங்காயம் கிண்ட வருபவருக்கும் மேசனுக்கும் கொடுப்பது நாட்கூலி. மாதம் பிறந்தால் வருவது சம்பளம். இந்த வேறுபாடு பயனுள்ளது. அதை அழிக்க வேண்டியதில்லை. மலையகத் தோட்டங்களில் கொழுந்தின் நிறை குறைந்தால் செக்றோல் என்ற வரவுப் பதிவேட்டில் “அரைப்பேர்” போடுவார்கள். ஒரு நாட்கூலிக்கு அங்கே பெயர், “பேர்”.