வாசகர் கேள்வி, கால்நடை மருத்துவர் பதில்: பூனையும் டாக்ஸோபிளாஸ்மாவும்

கேள்வி: என் மகள் மூன்று மாதக் கர்ப்பிணி. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் உள்ள அவளுடைய மாமியார் வீட்டில் பல ஆண்டுகளாகப் பூனை வளர்க்கிறார்கள். அண்மையில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிக்கு ஐஜிஜி பாசிட்டிவ், ஐஜிஎம் நெகட்டிவ் என்று வந்துள்ளது. கவலை வேண்டாம் என்கிறார் மருத்துவர். சம்பந்தியம்மாவோ பூனையை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடலாமா என்று கேட்கிறார். இந்த ஒட்டுண்ணி அவ்வளவு பரவலாகவா இருக்கிறது?
(வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்)

பதில்: நான் கால்நடை மருத்துவன், உங்கள் மகளைப் பொறுத்தவரை மகப்பேறு மருத்துவரின் சொல்லே முடிவானது, அவர் சொன்னது சரியும்கூட. ஐஜிஜி, ஐஜிஎம் இரண்டும் தொற்றை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் புரதங்கள். ஐஜிஜி என்பது உடல் என்றோ ஒருநாள் இந்த ஒட்டுண்ணியை எதிர்கொண்டதற்கு எஞ்சி நிற்கும் தழும்பு போன்றது. ஐஜிஎம் அண்மையில் தொற்று ஏற்பட்டால் தலைகாட்டுவது. கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் முதலாவது இருந்து இரண்டாவது இல்லையென்றால், தொற்று கருத்தரிப்பதற்கு முன்பே வந்து அடங்கிவிட்டது என்று பொருள். அந்த எதிர்ப்பாற்றல் குழந்தைக்கும் காப்பாக அமைகிறது.

பரவலாக இருக்கிறதா என்று கேட்டீர்கள். ஆம், மிகப் பரவலாகவே இருக்கிறது. உலக மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் வாழ்நாளில் எப்போதோ இத்தொற்றுக்கு உள்ளானவர் என்பது பொதுவான மதிப்பீடு. இந்தியாவில் குழந்தை பெறும் வயதுப் பெண்களிடையே நடத்தப்பட்டு 2014இல் வெளியான ஆய்வொன்றில் சராசரியாக 22.4 விழுக்காட்டினருக்கு ஐஜிஜி இருந்தது. தென்னிந்தியப் பெண்களிடையே அது 37.3 விழுக்காடு, மேற்கிந்தியாவிலோ 8.8 விழுக்காடுதான். பூனைகளின் எண்ணிக்கை மட்டும் இந்த வேறுபாட்டை விளக்கிவிடாது. பூனையின் மலத்தோடு வெளியேறும் முட்டை போன்ற உறைகள் ஈர மண்ணில் ஓராண்டுக்கு மேலும் உயிர்த்திருக்கும், வறண்ட வெயிலில் விரைவில் அழியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிக் கிடக்கும் நம் கடலோர மண் அவற்றுக்கு எவ்வளவு தோதானது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த 37.3 விழுக்காட்டினரும் நோயாளிகள் அல்லர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதே ஆய்வில் அண்மைத் தொற்றின் அடையாளமான ஐஜிஎம் காணப்பட்டவர்கள் 1.43 விழுக்காட்டினர் மட்டுமே. பெரும்பாலோருக்கு இத்தொற்று ஒரு சாதாரணக் காய்ச்சலைப் போலவோ, வந்த சுவடே தெரியாமலோ கடந்துவிடுகிறது.

உண்மையில் எச்சரிக்கையாக இருக்க வேண்டியவர் இரண்டு பரிசோதனையிலும் நெகட்டிவ் என்று வந்த கர்ப்பிணி. அந்தத் தாளைப் பார்த்து வீட்டார் நிம்மதிப் பெருமூச்சு விடுவதுதான் வேடிக்கை. கர்ப்ப காலத்தில் முதன்முதலாகத் தொற்று ஏற்பட்டால்தான் அது கருவைச் சென்றடையும் வாய்ப்பு அதிகம். தொடக்க மாதங்களில் அவ்வாறு சென்றடைவது குறைவு, ஆனால் சென்றால் மூளைக்கும் கண்ணுக்கும் பாதிப்பு கடுமையாக இருக்கும். கடைசி மாதங்களில் எளிதில் சென்றடையும், பாதிப்பு பெரும்பாலும் குறைவு. எச்.ஐ.வி. போன்ற காரணங்களால் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கோ, உடலுக்குள் அடங்கிக் கிடக்கும் பழைய தொற்றே மீண்டும் கிளர்ந்து மூளையைத் தாக்கக்கூடும்.

பூனையைக் கைவிட வேண்டாம். பூனை இனத்தின் குடலில் மட்டுமே இந்த ஒட்டுண்ணி முட்டை உறைகளை உண்டாக்குகிறது என்பது உண்மை. அது 1970 வாக்கில்தான் உறுதியானது, உறுதி செய்தவர்களுள் இந்தியாவில் பிறந்த ஜே.பி. துபேயும் ஒருவர். ஆனால் ஒரு பூனை தனக்கு முதல் தொற்று ஏற்பட்டபின் ஒன்று முதல் மூன்று வாரம் வரையே, கோடிக்கணக்கில் என்றாலும், அவற்றை வெளியேற்றுகிறது; பல ஆண்டுகளாக வீட்டில் வாழும் பூனை பெரும்பாலும் அந்தக் கட்டத்தைக் கடந்திருக்கும். வெளியேறிய உறைகளும் உடனே தொற்றாது. பக்குவப்பட ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும். ஆகவே மலத்தை அன்றாடம் வேறொருவர் அகற்றினால் போதும். மடியில் படுத்துறங்கும் பூனையைவிட, கழுவாமல் அரைத்த கொத்தமல்லிச் சட்னியும், கொதிக்கவைக்காத கிணற்று நீரும், கோலா உருண்டைக்கு அரைத்த பச்சைக் கறியை நாக்கில் வைத்து உப்புப் பார்க்கும் பழக்கமுமே எனக்கு அதிக அச்சம் தருகின்றன. குளோரின் இந்த உறைகளைக் கொல்லாது, கொதிநீர் கொல்லும். கனடாவின் விக்டோரியா நகரில் 1995இல் குடிநீர் வழியாகவே இந்நோய் பலருக்குப் பரவியது.

கேள்வி: குறிஞ்சிப்பாடி அருகே வெள்ளாடு வளர்க்கிறேன். இம்மாதம் இரண்டு ஆடுகள் கரு கலைந்து ஈன்றன. டாக்ஸோபிளாஸ்மாவாக இருக்கலாம் என்று ஒருவர் சொன்னார். பாலும் கறியும் பயன்படுத்தலாமா?
(வாசகர், கடலூர் மாவட்டம்)

பதில்: இருக்கலாம், ஆனால் ஊகத்தில் முடிவு செய்யாதீர்கள். ஆடு கரு கலைவதற்குப் புரூசெல்லா என்னும் பாக்டீரியா உள்ளிட்ட வேறு காரணங்களும் உண்டு, அவற்றுள் சில மனிதருக்கும் தொற்றும். கலைந்த கருவையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடாமல், பனிக்கட்டியிட்ட பெட்டியில் கால்நடை மருத்துவமனையிடம் ஒப்படையுங்கள். மிஞ்சியதை நாயும் பூனையும் தோண்டாத ஆழத்தில் சுண்ணாம்பிட்டுப் புதையுங்கள். வீட்டிலுள்ள கர்ப்பிணிகள் அப்பக்கம் போகவே கூடாது. பாலைப் பொங்கக் காய்ச்சியும் கறியை நன்கு வேகவைத்தும் உண்டால் இந்த ஒட்டுண்ணியால் தீங்கில்லை; 67 பாகை செல்சியஸில் அது இறந்துவிடும். எலிக்குப் பயந்து தீவன அறையில் பூனையைக் குட்டியோடு குடிவைத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள், ஏனெனில் எலி பிடிக்கத் தொடங்கும் இளம்பூனைகளே முதல் தொற்றுக்கு ஆளாகி முட்டை உறைகளைத் தவிட்டிலும் புண்ணாக்கிலும் சேர்ப்பவை. பசுக்கள் இதை ஓரளவு தாங்கிக்கொள்கின்றன. ஆடுகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மேய்ச்சல் கோழிகளும் மண்ணைக் கிளறித் தின்பதால் எளிதில் தொற்றுக்கு ஆளாகின்றன, ஆனால் நோய் காட்டுவது அரிது.

கேள்வி: கடலூர் துறைமுகத்தில் மீன் தின்று வாழும் பூனைகள் ஏராளம். மீன் வழியாக இது பரவுமா?
(வாசகர், தேவனாம்பட்டினம்)

பதில்: இந்த ஒட்டுண்ணி பாலூட்டிகளையும் பறவைகளையும்தான் பற்றும், மீனின் தசையில் தங்கி வளராது. துறைமுகப் பூனைக்கு அதைக் கொடுப்பது மீனன்று, ஏலக்கூடத்தின் எலி. ஆனால் மழைநீரோடு கெடிலத்திலும் உப்பனாற்றிலும் இறங்கும் கழிவு கடலையும் எட்டும். கலிபோர்னியக் கரையோரக் கடல்நீர்நாய்கள் இந்நோயால் இறந்தது அப்படித்தான். நீரை வடிகட்டி உண்ணும் மட்டியும் ஆளியும் அந்த உறைகளைத் தம்முள் தேக்கிவைக்கக்கூடும் என்பதால், அவற்றை ஓடு திறந்ததும் இறக்கிவிடாமல் நன்றாக வேகவையுங்கள்.