நல்லா இருக்கிற பன்றியில் எதற்கு ரத்தம் எடுக்கிறார்கள்?

கால்நடை கேள்வி – பதில்
(பதில் சொல்பவர்: மதுரையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்)

கேள்வி: வெண்பன்றிப் பண்ணை வைத்திருக்கிறேன். போன மாதம் கால்நடைத் துறையிலிருந்து வந்து, நன்றாகத் தீனி தின்கிற பன்றிகளில் ரத்தம் எடுத்துப் போனார்கள். நோயே இல்லாததற்கு எதற்குச் சோதனை? ஊரில் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.
– வாசகர், பேரையூர்

தம்பி, மனிதனைக் கொல்லும் சில வைரஸ்கள் பன்றியைப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. சிக்கலே அங்கேதான். ஜப்பானிய மூளைக்காய்ச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வைரஸ் கொக்கு, நாரைகளிடம் இருக்கிறது. வயல் தண்ணீரில் பெருகும் க்யூலெக்ஸ் கொசு அதைப் பன்றிக்குக் கொண்டுவரும். பன்றி உடம்பில் அது பல்கிப் பெருகும். சினைப் பன்றி குட்டிகளைச் செத்துப் போடுவது உண்டு, மற்றவை நன்றாகவே திரியும். அதைக் கடித்த கொசு பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கடித்தால் காய்ச்சல், வலிப்பு, சில நேரம் சாவு. இந்தியாவில் இந்த நோய் மனிதரிடம் முதன்முதலில் தெரியவந்தது 1955-ல், நம் வேலூர்ப் பக்கம்.

ரத்தத்தில் தேடுவது பெரும்பாலும் வைரஸை அல்ல, அதை எதிர்த்து உடம்பு உண்டாக்கிய எதிர்ப்புப் பொருளை. வைரஸ் சில நாளில் போய்விடும், எதிர்ப்புப் பொருள் மாதக்கணக்கில் நிற்கும். இந்த வருஷம் பிறந்து, தாய்ப்பால் வழி வந்த எதிர்ப்பு தீர்ந்துபோன இளம் பன்றியில் அது தென்பட்டால், இந்தப் பருவத்தில் வைரஸ் உங்கள் ஊரில் சுற்றுகிறது என்று பொருள். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வருவதற்கு முன்பே கொசு ஒழிப்பையும் தடுப்பூசியையும் முடுக்கிவிடலாம். ஜப்பானில் 1960-களிலிருந்தே அறுப்புக்கு வரும் பன்றிகளின் ரத்தத்தை இதற்காகச் சோதித்து வருகிறார்கள்.

பன்றியைப் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மலேசியா இருக்கிறது. 1998-ல் ஈப்போ பக்கம் பன்றி வளர்ப்பவர்கள் காய்ச்சலில் விழுந்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவுகட்டிக் கொசு மருந்து அடித்தார்கள், அதற்கான தடுப்பூசியும் போட்டார்கள். ஆனால் பிள்ளைகள் நன்றாக இருந்தார்கள், பண்ணையில் வேலை பார்த்த ஆண்கள்தான் விழுந்தார்கள். ஊசி போட்டவர்களும் விழுந்தார்கள். பன்றிகளோ இருமிக்கொண்டே இருந்தன. அது புது வைரஸ் என்று தெரிந்தது 1999 மார்ச்சில். சுங்கை நிப்பா என்ற கிராமத்தின் பெயரை அதற்கு வைத்தார்கள். 105 பேர் இறந்தார்கள், 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளை அழித்தார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. பன்றியின் இருமலைத் தினமும் கேட்டவர்கள் இருந்தார்கள், அவர்களிடம் போய்க் கேட்க ஆள் இல்லை.

அதனால் அடுத்த முறையும் ரத்தம் கொடுங்கள். கூடவே, போன முறை எடுத்ததன் முடிவு என்ன என்றும் கேளுங்கள், தயங்க வேண்டாம். முடிவைப் பண்ணைக்காரரிடம் சொல்வது துறையின் கடமை என்றே நான் நினைக்கிறேன். எதற்கு என்றே தெரியாமல் யார்தான் திரும்பத் திரும்பப் பட்டியைத் திறந்துவிடுவார்கள்?

கேள்வி: ஒரே வாரத்தில் எங்கள் தெருவில் நாட்டுக்கோழிகள் கொத்தாகச் செத்தன. வெள்ளைக்கழிச்சல்தான் என்று கண்மாயில் வீசிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் சொல்லலாம் என்றேன், "இருக்கிற கோழியையும் புதைச்சிருவாங்க" என்று வாயை அடைத்துவிட்டார்கள். நான் சொல்லியிருக்க வேண்டுமா?
– வாசகி, சோழவந்தான்

சொல்லத்தான் வேண்டும் தாயி. இன்றைக்கும் சொல்லலாம். வெள்ளைக்கழிச்சலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் அதையும் பறவைக்காய்ச்சலையும் கண்ணால் பார்த்துப் பிரிக்க என்னாலும் முடியாது. மாதிரி எடுத்து அனுப்பினால்தான் தெரியும். பறவைக்காய்ச்சலை உறுதிசெய்வது போபாலில் உள்ள உயர்பாதுகாப்பு ஆய்வகம்.

உங்கள் தெருக்காரர்களின் பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். பறவைக்காய்ச்சல் உறுதியானால் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் இருக்கும் கோழிகளை அழிப்பார்கள், 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்பார்கள். அப்படி அழிக்கிற கோழிக்கு இழப்பீடு உண்டு, தானாகச் செத்த கோழிக்குக் கிடையாது. மறைக்க மறைக்க நஷ்டம் உங்களுக்குத்தான் என்று அவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள். வெள்ளைக்கழிச்சல் என்று வந்தால் கோழியை அழிக்கும் பேச்சே இல்லை, மிச்சக் கோழிக்குத் தடுப்பூசி போடலாம்.

கண்மாயில் வீசியதுதான் எனக்குப் பெரிய கவலை. வாத்தும் கொக்கும் இறங்குகிற தண்ணீர் அது. நாய், பூனையும் இழுத்துப் போய்த் தின்னும். இனிமேல் செத்த கோழியை வெறுங்கையால் தொடாமல், ஆழக் குழிவெட்டி, சுண்ணாம்பு போட்டு மூடுங்கள். மாதிரி எடுக்க ஆள் வருகிறார்கள் என்றால் அதற்குப் பிறகு புதையுங்கள்.

2024 மார்ச்சில் அமெரிக்காவின் டெக்ஸாஸ், கன்சாஸ் மாநிலங்களில் கறவை மாடுகளுக்கே பறவைக்காய்ச்சல் இருப்பது தெரிந்தது. பால் குறைந்து, சீம்பால் மாதிரி கெட்டியாக வந்தது. மாடுகள் பெரும்பாலும் தேறிவிட்டன, பச்சைப் பால் குடித்த பண்ணைப் பூனைகள் செத்தன. அந்தச் சாவைக் கால்நடை மருத்துவர்கள் சும்மா விடாமல் மாதிரி அனுப்பியதில்தான் விஷயம் வெளிவந்தது. இப்போது அங்கே பாலையே சோதித்துக் கண்காணிக்கிறார்கள். பாலைக் காய்ச்சிக் குடித்தால் இந்த வைரஸ் சாகும்.

கேள்வி: பசு எச்சில் ஒழுக நின்றது. தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று என் வீட்டுக்காரர் கையை விட்டுத் துழாவினார். மறுநாள் குரல் மாறிக் கத்தி, செத்துவிட்டது. ஏதாவது செய்ய வேண்டுமா?
– வாசகி, செக்கானூரணி

அம்மா, இந்தக் கடிதம் வந்ததும் பத்திரிகை மூலம் உங்களுக்கு உடனே சொல்லச் செய்தேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். இது வெறிநோயாக இருக்கலாம். நாய் கடித்ததை யாரும் பார்த்திருக்க வேண்டும் என்பதில்லை. எச்சில் பட்ட கையைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கோ போக வேண்டும். கையில் கீறல் இருந்ததா என்பதை மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள். தடுப்பூசியோடு வேறு மருந்தும் தேவைப்படலாம். ஊசி இலவசம், சொன்ன தேதிகளில் ஒன்றையும் விடக்கூடாது. நோய் வெளிப்பட்ட பிறகு காப்பாற்ற மருந்து இல்லை.

அந்தப் பாலைக் காய்ச்சிக் குடித்தவர்கள் பயப்பட வேண்டாம். பச்சையாகக் குடித்தவர் யாராவது இருந்தால் அவரையும் கூட்டிப் போங்கள். மாடு எச்சில் வடித்தால் வாய்க்குள் கையை விடாமல் முதலில் 1962-க்குப் போன் செய்யுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.