பைக்ல கால நீட்ட எது வசதி?

கேள்வி: நான் தண்டையார்பேட்டைண்ணா, ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350 பைக் வச்சிருக்கேன். லீவு கெடச்சா நெல்லூர் பக்கம் கெளம்பிடுவேன், பாதி வழியிலயே முட்டி புடிச்சிக்குது. பாதம் வைக்கிற தட்டையான புட்போர்டு மாட்டலாமா, இல்ல முன்னாடி இருக்குற கிராஷ் கார்டு கம்பியில கால நீட்டி வைக்கிற ஹைவே பெக் போட்டா போதுமா?

பதில்: கால் ஒரே மடக்குல கெடந்தா முட்டி புடிக்கத்தான் செய்யும் தம்பி. புட்போர்டுல பாதம் முழுசா உக்காரும், முன்ன பின்ன நகத்திக்கலாம், பிரேக்கும் கியரும் பக்கத்துலயே இருக்கும், ஆனா அகலம் ஜாஸ்திங்கறதால வளைவுல வண்டிய சாய்ச்சா சீக்கிரமே ரோட்ட ஒரசும், அதனால மேல மடங்குற டைப்பா பாத்து வாங்கு. பிரேக் பெடல் உயரத்தயும் அதுக்கேத்தாப்புல மாத்தணும், இல்லன்னா ஒவ்வொரு தடவையும் காலயே தூக்கித்தான் பிரேக் அடிக்கணும்.

ஹைவே பெக் கால நீட்டிக்க சொகம்தான், ஆனா அப்போ பின் பிரேக் காலுக்கு எட்டாது. நெல்லூர் போற என்எச் 16 ஹைவேல ரோடு காலியா இருந்தா சரி, மணலி, எண்ணூர் பக்கம் கன்டெய்னர் லாரி நடுவுல கால நீட்டிட்டு போறதெல்லாம் வேலைக்கே ஆவாது. வாங்குறதுக்கு முன்னாடி கார்டு பைப்போட வெளி விட்டத்த அளந்துக்கோ, பெக்க பைப்புல புடிக்கிற கிளாம்ப் லூசா இருந்தா கால் வச்ச உடனே சுத்திக்கும். அப்புறம் ஃப்ரெண்ட வண்டிய புடிக்க சொல்லிட்டு, ஷூவோட ஏறி உக்காந்து கால நீட்டு, முட்டி லேசா மடங்கி இருக்குற எடத்துல டேப் ஒட்டு, அங்கதான் பெக் வரணும். ரொம்ப அகலமா போட்டா இடுப்பு வலிக்கும்.

என்ன கேட்டா மொதல்ல பெக் போடு, செலவு கம்மி, புடிக்கலன்னா கழட்டிடலாம். மொத ரைடு முடிஞ்சதும் போல்ட்டெல்லாம் இன்னொரு வாட்டி டைட் வச்சிரு.