முதலில் யாரிடம் செல்வது?

கேள்வி: அறுவைச் சிகிச்சை வார்டில் பயிற்சி பெறும் செவிலிய மாணவி நான். ஒருவர் வலியால் கதறுகிறார். அதே நேரத்தில் இன்னொருவர் சத்தமின்றி வியர்த்து, நிலைகொள்ளாமல் புரள்கிறார். யாரை முதலில் பார்க்க வேண்டும்?

பதில்: வியர்த்துப் புரள்பவரை. கதறுபவருக்கு மூச்சுப்பாதை திறந்திருக்கிறது என்பதை அவர் குரலே சொல்லிவிடுகிறது. அவரைக் கவனிக்க உடனே சக செவிலியரை அழையுங்கள், ஏனெனில் திடீரென மிகும் வலியும் சிக்கலின் அறிகுறியாகலாம். மற்றவருக்கு உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம். அப்போது உடல் இரத்தக்குழாய்களைச் சுருக்கியும் இதயத்தை விரைந்து துடிக்கச் செய்தும் இழப்பை ஈடுகட்டுவதால், இரத்த அழுத்தம் சிறிது நேரம் இயல்பாகவே காட்டக்கூடும். நாடி வேகம், குளிர்ந்து ஈரமான தோல், பதற்றம், ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 0.5 மில்லிக்குக் கீழ் குறையும் சிறுநீர் ஆகியவையே பெரும்பாலும் முந்தித் தெரியும். அழுத்தம் சரியாக இருக்கிறது என்று குறித்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள்.

சுவாசத்தை எண்ணாமலே ஓர் எண்ணை எழுதும் வழக்கம் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. நோயாளியின் நிலை மோசமாவதை முன்கூட்டியே அறிய நாடி, சுவாசம் போன்ற அளவீடுகளுக்குப் புள்ளி தரும், பிரிட்டனில் 2012இல் வெளியான தேசிய முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையில், நிமிடத்துக்கு 25 அல்லது அதற்கு மேற்பட்ட சுவாசத்துக்கு, ஓர் அளவீட்டுக்குரிய உச்ச மதிப்பான 3 புள்ளிகள் தரப்படுகின்றன. முழு நிமிடம் எண்ணி, அந்த எண்களோடு பணி மருத்துவரை அழையுங்கள்.