1000 வாட் போட்டால் பின்வரிசைக்குப் பாட்டு புரியுமா?

கேள்வி: தோவாளைப் பக்கம் எங்கள் ஊர்க் கோயில் கொடைவிழாவில் வில்லுப்பாட்டு நடக்கும்போது, மேடையிலிருந்து ஐம்பது மீட்டர் தள்ளி உட்காருகிறவர்களுக்குச் சத்தம் கேட்கிறது, வார்த்தை புரியவில்லை. சத்தத்தைக் கூட்டினால் ஊளையிடுகிறது. 500 வாட் ஆம்ப்ளிஃபயருக்குப் பதில் 1000 வாட் போடலாம் என்கிறார் மைக் செட்காரர். பலன் இருக்குமா?

பதில்: வாடகைதான் கூடும். வாட்டை இரட்டிப்பாக்கினால் ஏறுவது 3 டெசிபல். கூர்ந்து கேட்டால்தான் வித்தியாசம் தெரியும். இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றச் சுமார் 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். ஊளைக்கும் வாட்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஸ்பீக்கரில் வருவது மைக்கில் திரும்ப விழுந்து, பெருகி, மறுபடி ஸ்பீக்கருக்கே போகிறது. ஒரு சுற்றில் இழப்பதைவிடப் பெறுவது மிஞ்சினால் ஊளை. பெரிய ஆம்ப்ளிஃபயரும் அதே சத்தத்தில் அப்படியேதான் ஊளையிடும்.

வில்லோடு கட்டிய குடத்தைப் பாருங்கள். அதன் வாயில் பத்தியால், அதாவது தட்டும் மட்டையால், அடித்தால் உள்ளே அடைபட்ட காற்று அதிர்ந்து கும்மென்கிறது. குடம் தன் பங்குக்கு ஆற்றல் எதையும் சேர்ப்பதில்லை. கை கொடுத்ததை ஒரு சுருதியில் திரட்டித் தருகிறது, அவ்வளவுதான். ஆம்ப்ளிஃபயர் மின்சாரத்திலிருந்து ஆற்றல் எடுத்துச் சேர்க்கிறது. ஆனால் அதற்குப் பாட்டு எது, குடம் எது என்று தெரியாது. மைக்கில் விழுந்த எல்லாவற்றையும் பெருக்கும்.

ஆகவே மைக்கில் கை வையுங்கள். பாடும் புலவரின் இரு கையிலும் வில்லைத் தட்டும் வீசுகோல் இருப்பதால், ஸ்டாண்டில் நிற்கும் மைக் வாயிலிருந்து 40 செ.மீ. தள்ளிப்போய்விடுகிறது. அதை 10 செ.மீ. ஆக்கிப் பாருங்கள். தூரம் பாதியாகும்போதெல்லாம் குரல் 6 டெசிபல் ஏறும்; இருமுறை பாதியானதால் 12. வாட் கணக்கில் 16 மடங்கு! 500 வாட்டை 8000 ஆக்கியதற்குச் சமம், ஊளைக்கும் பயமில்லை. வாயோரம் ஒட்டி நிற்கும் ஹெட்செட் மைக் ஒன்றை வாடகைக்கு எடுத்தால் போதும். குடத்துக்கும் உடுக்கைக்கும் வைத்த மைக்குகளை அணைத்துவிடுங்கள். அவற்றுக்குத் தொண்டை பெரிது. மிக்ஸரில் பேஸைக் குறையுங்கள். சொல்லைப் புரிய வைப்பவை மெய்யெழுத்துகள், அவை பெரும்பாலும் உயர்ந்த அதிர்வெண்ணில் இருக்கின்றன. எங்கள் பக்க மைக் செட்காரர்களுக்குப் பேஸ் மேல் ஏன் இவ்வளவு ஆசையோ!

அடுத்தது, 40 மீட்டரில் இன்னொரு ஜோடி ஸ்பீக்கர். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். மின்குறிகை கம்பியில் கண்ணிமைக்கும் முன்பே போய்விடும்; காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 345 மீட்டர்தான். மேடை ஸ்பீக்கரின் ஒலி அந்த இடத்துக்கு 0.116 நொடி பிந்தி வருவதால் ஒவ்வொரு சொல்லும் இரண்டாகக் கேட்டுக் குழம்பும். மிக்ஸரில் ஒலியைத் தாமதப்படுத்தும் ‘டிலே’ வசதி இருந்தால் பின் ஸ்பீக்கருக்கு 125 மில்லி நொடி வையுங்கள். கொஞ்சம் கூடுதலாக வைப்பது வேண்டுமென்றே: முதலில் வந்து சேரும் ஒலியின் திசையைத்தான் காது நம்பும், பாட்டு புலவரிடமிருந்தே வருவதாகத் தோன்றும். ஸ்பீக்கர்கள் ஆட்களின் தலைக்கு மேல் உயர்ந்து, சற்றுக் குனிந்து நிற்கட்டும்.

உங்கள் ஊரில் காற்றையும் கணக்கில் எடுக்கவேண்டும். ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் மேற்கிலிருந்து அடிக்கிறதே, அது ஒலியைத் தூக்கிக்கொண்டு போவதில்லை, வளைக்கிறது. தரையோரம் மெதுவாகவும் மேலே வேகமாகவும் வீசுவதால், எதிர்க்காற்றில் போகும் ஒலி மேல்நோக்கி வளைந்து பின்வரிசையின் தலைக்கு மேலே தப்பிவிடும். மேடை மேற்கில், கூட்டம் கிழக்கில் இருந்தால் ஒலி கீழே வளைந்து காதுக்கு வரும்.

காற்று அடங்கிய இரவில் தரை குளிர்ந்து மேல்காற்று வெதுவெதுப்பாக இருந்தாலும் இதேபோல் ஒலி கீழே வளையும். அப்போது பாட்டு பக்கத்து ஊர் வரை கேட்கும். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை இருப்பதால், புகாரும் அங்கிருந்துதான் வரும்.