விக்ரம் லேண்டரின் சிதறலை ஒரு தனிமனிதர் எப்படிக் கண்டுபிடித்தார்?

நாசா தேடியும் உடனே கிடைக்காத, சந்திரயான்-2 திட்டத்தில் நிலவில் இறங்க அனுப்பிய கலமான விக்ரம் லேண்டரை, சென்னையில் இருந்த ஒருவர் லேப்டாப்பில் பார்த்தே கண்டுபிடித்தது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் காரணம், நாசா படங்களைப் பூட்டி வைக்கவில்லை. 2009 முதல் நிலவைச் சுற்றிவரும் எல்ஆர்ஓ விண்கலத்தின் படங்களை யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நானும் ஓய்வு நேரத்தில் அவற்றைப் பார்ப்பவன் என்பதால், அந்தத் தேடலின் அருமை எனக்குத் தெரியும்.

2019 செப்டம்பர் 7 அதிகாலை, தரைக்கு 2.1 கிலோமீட்டர் மேலே இருந்தபோது விக்ரமுடன் தொடர்பு அறுந்தது. செப்டம்பர் 17 அன்று எல்ஆர்ஓ அந்தப் பகுதியைப் படம் எடுத்தது. ஆனால் அங்கே அப்போது சூரியன் சாயும் நேரம். அதுவும் தென்துருவத்தை ஒட்டிய இடம். சின்னக் குழிகூட நீளமான நிழலோடு கிடந்தது. முழுதாக இருந்தாலே லேண்டரின் அகலம் சுமார் இரண்டரை மீட்டர்தான், படத்தில் அது சில பிக்சல்களுக்குள் அடங்கிவிடும். நொறுங்கியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

அதனால் இந்த வேலையில் யாரும் லேண்டரின் உருவத்தைத் தேடுவதில்லை. முன்பு எடுத்த படத்தில் இல்லாதது இப்போது ஏதாவது இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். சூரியன் வேறு கோணத்தில் இருந்தால் எல்லாமே மாறியதுபோலத் தெரியும், அங்கேதான் கண் ஏமாறும். நீங்கள் கேட்ட அந்தச் சென்னைக்காரர் சண்முக சுப்பிரமணியன், பழைய படத்தையும் புதிய படத்தையும் இரண்டு லேப்டாப்களில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பழைய படங்களில் இல்லாத ஒரே ஒரு வெளிச்சப் புள்ளி சிக்கியது. நாசாவுக்கு எழுதினார். அவர்கள் அக்டோபரிலும் நவம்பரிலும் நல்ல வெளிச்சத்தில் மறுபடி படம் எடுத்து ஒப்பிட்டபோது, அந்தப் புள்ளிக்குச் சுமார் 750 மீட்டர் தென்கிழக்கே மோதிய தடமும் சிதறிய துண்டுகளும் தெரிந்தன. டிசம்பர் 2 அறிவிப்பில் அவர் பெயரையே சொன்னார்கள். பிக்சல் பிக்சலாக உட்கார்ந்து பார்த்த அந்தப் பொறுமைக்கு அது முழுக்கத் தகும்.

இஸ்ரோ, நிலவைச் சுற்றிவரும் தன் ஆர்பிட்டர் கலம் லேண்டரின் இடத்தைக் கண்டுவிட்டதாக செப்டம்பர் 10 அன்றே சொல்லியிருந்தது. அப்போதே படத்தையும் வெளியிட்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து. நம் நாட்டிலேயே எத்தனையோ பேர் ராத்திரி பகலாகப் பார்த்திருப்பார்கள்.

தொலைந்ததைத் தேடி எடுப்பதால் என்ன பயன் என்பவர்களுக்கு லூனோகோட் 1 நல்ல பதில். 1971-ல் மௌனமான அந்த சோவியத் ஊர்தியை 2010-ல் எல்ஆர்ஓ படங்களில் கண்டார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவிலிருந்து அதை நோக்கி லேசர் ஒளியை அனுப்பினார்கள். அதன் மேலிருந்த பிரெஞ்சுக் கண்ணாடி, எதிர்பார்த்ததைவிடப் பலமாக ஒளியைத் திருப்பி அனுப்பியது. நிலவின் தூரத்தை அளக்க இன்னொரு புள்ளி கிடைத்துவிட்டது.

நீங்களும் பார்க்க விரும்பினால், எல்ஆர்ஓ கேமரா குழுவின் குவிக்மேப் தளத்தில் அப்போலோ 17 இறங்கிய இடத்திலிருந்து தொடங்குங்கள். வீரர்கள் நடந்த தடம்கூடத் தெரியும். கண் பழகியதும், சூரியக் கோணம் ஒத்துப்போகும் படங்களாகப் பார்த்து இரண்டிரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள்.